எலிக்கு வந்த கட்டியும் நமக்கு வரும் கட்டியும்: ஆய்வு மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள புற்றுநோய் ஆய்வு மாணவர்களுக்கு,

உயிர்வேதியியல், விலங்கியல், மருந்தியல், உயிரித் தொழில்நுட்பம் என்று வெவ்வேறு துறைகளிலிருந்து முனைவர் பட்டத்துக்காகப் புற்றுநோய்ப் பக்கம் வந்திருக்கிறீர்கள். நான் திசு நோயியல் மருத்துவர். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஃபார்மலின் டப்பாவில் வந்து சேரும் கட்டிகளை வெட்டி, ஸ்லைடு போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் பிழைப்பு. உங்களில் சிலருடைய ஆய்வேடுகளும் என் மேசைக்கு வருவதுண்டு. சுண்டெலியின் கட்டி, ஹாம்ஸ்டரின் கட்டி, அவற்றின் திசுப்படம் எல்லாம் அவற்றில் ஒழுங்காக இருக்கும். அதே உறுப்பில் மனிதருக்கு வந்த புற்றின் படம் மட்டும் இருக்காது. ஆனால் முடிவுரை மனிதரைப் பற்றிப் பேசும்.

நான் கேட்க வருவது ஒன்றுதான். விலங்கின் கட்டியையும் நோயாளியின் கட்டியையும் ஒரே மைக்ராஸ்கோப்பில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த பிறகு முடிவுரையை எழுதுங்கள்.

விலங்கு ஆய்வே வீண் என்று வாதாட நான் வரவில்லை. புகைபோக்கி துடைக்கும் தொழிலாளர்களுக்கு விதைப்பையில் வரும் புற்றுக்குக் புகைக்கரியே காரணம் என்று லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775-ல் எழுதினார். அதைச் சோதனையில் காட்ட 140 ஆண்டு பிடித்தது. டோக்கியோவில் யாமாகிவாவும் இச்சிகாவாவும் முயலின் காதில் நிலக்கரித் தாரை மாதக்கணக்கில் தடவி, 1915-ல் புற்றை வரவழைத்துக் காட்டினார்கள். கேள்வி நோயாளியிடம் பிறந்தது. விடை முயலின் காதில் கிடைத்தது. இன்று நம் ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் இந்த வரிசை தலைகீழ். கையில் எந்த விலங்கு இருக்கிறதோ, அதற்குத் தக்கபடி கேள்வியை வெட்டித் தைக்கிறோம்.

நமக்கு மிக நெருங்கிய உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம்: வாய்ப்புற்று. ஹாம்ஸ்டரின் கன்னப்பையில் புற்றை வரவழைக்கும் முறையை 1954-ல் சாலி என்ற அமெரிக்கர் விவரித்தார். டி.எம்.பி.ஏ. என்ற வேதிப்பொருளை லிக்விட் பாரஃபினில் 0.5 சதவீதம் கரைத்து, வாரம் மூன்று முறை, 14 வாரம் பிரஷ்ஷால் பூசினால் ஏறக்குறைய எல்லா ஹாம்ஸ்டருக்கும் கட்டி வந்துவிடும். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்து இந்த முறையில் வெளிவந்த கட்டுரைகள் உலக அளவில் மேற்கோள் காட்டப்படுபவை. எந்தத் தாவரப் பொருள் கட்டியைத் தடுக்கிறது என்று பார்க்க எளிய, நம்பகமான வழி இது.

ஸ்லைடில் என்ன தெரிகிறது? முதலில் மேல்தோல் தடிக்கிறது, பிறகு செல்கள் ஒழுங்கு குலைகின்றன, கடைசியில் கெரட்டின் முத்துகளோடு செதிள்செல் புற்று. இந்தப் படிவரிசை நம் நோயாளிகளிடம் காண்பதோடு நன்றாகவே ஒத்துப்போகிறது. ஒற்றுமை இந்த அளவில் நிற்கிறது.

ஹாம்ஸ்டரின் கன்னப்பை தீனியைச் சேர்த்துவைக்கும் பை. அதற்கு நிணநீர் வடிகால் இல்லை என்றே சொல்லலாம். வேறு விலங்கின் திசுவை ஒட்டினால்கூட நிராகரிக்காமல் ஏற்றுக்கொள்ளும் இடம் என்றுதான் ஒரு காலத்தில் அதை ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். நம் நோயாளியின் கன்னப்புற்றைப் பார்த்ததும் அறுவை மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியோ, கழுத்து நிணநீர்க்கணுவுக்குப் போயிருக்கிறதா என்பது. போயிருந்தால் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகிவிடும். நோயாளியின் தலையெழுத்தை முடிவு செய்கிற அந்தக் கட்டத்தை ஹாம்ஸ்டரின் கட்டி அநேகமாக எட்டுவதே இல்லை.

அடுத்தது, புற்று முளைக்கும் மண். நம் ஊரில் கன்னத்தில் புற்று வருகிறவர்கள் பெரும்பாலும் புகையிலையும் பாக்கும் ஆண்டுக்கணக்கில் அடக்கியவர்கள். பாக்கைத் தனியாகவே புற்று உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வகைப்படுத்தியது. பாக்கு மென்ற வாயின் பயாப்சியில் மேல்தோலுக்கு அடியில் கொலாஜன் இறுகி, கண்ணாடி போல் வெளிறி, ரத்தநாளங்கள் நெரிந்து கிடக்கும். வாயை இரண்டு விரல் அகலம்கூடத் திறக்க முடியாத நோயாளியிடமிருந்து எடுத்த துண்டு அது. அந்த இறுக்கத்தின் மேல்தான் புற்று கிளம்புகிறது. ஹாம்ஸ்டரின் கன்னப்பையில் இந்த அடித்தளம் கிடையாது. டி.எம்.பி.ஏ.யும் எந்தக் கடையிலும் விற்கும் பொருள் அல்ல, ஆய்வுக்கூடத்து நஞ்சு. இந்திய நோயாளிகளின் ஈறு-கன்னப் புற்றின் மரபணுக்களைப் படித்த இந்திய ஆய்வாளர் குழு, பி53 போன்ற பழகிய பெயர்களோடு யூ.எஸ்.பி.9எக்ஸ், எம்.எல்.எல்.4 போன்ற புதிய பெயர்களையும் 2013-ல் பட்டியலிட்டது. உங்கள் ஹாம்ஸ்டர் கட்டியில் அவற்றில் எவை மாறியிருக்கின்றன என்று யாராவது பார்த்தீர்களா?

இன்னும் ஒரு நுட்பம். டி.எம்.பி.ஏ. நேரடியாக நஞ்சாவதில்லை. செல்லுக்குள் இருக்கும் சைட்டோகுரோம் என்சைம்கள் அதை மாற்றிய பிறகே டி.என்.ஏ.வைத் தாக்கும். டி.எம்.பி.ஏ. பூசத் தொடங்கும்போதே உங்கள் தாவரச் சாற்றையும் கொடுக்கத் தொடங்கினால், அந்தச் சாறு அந்த என்சைமை மட்டும் முடக்கியிருக்கலாம். கட்டி குறைந்திருக்கும், புற்றுச் செல்லின் மீது ஒரு கீறலும் விழுந்திருக்காது. கட்டியோடு ஓ.பி.யில் வந்து நிற்கும் நோயாளிக்கு அந்தச் சாற்றால் என்ன பயன்? ஆய்வேட்டில் "தடுக்கிறது" என்று எழுத வேண்டிய இடத்தில் "குணப்படுத்துகிறது" என்று எழுதினால், மறுநாள் அது வாட்ஸ்அப்பில் மருந்தாகிவிடுகிறது.

உருவத்தில் ஒத்துப்போனாலும் போதாது என்பதற்குக் கணையப் புற்றின் கதையைச் சொல்ல வேண்டும். கணையப் புற்றின் ஸ்லைடில் புற்றுச் சுரப்பிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்க, மீதி இடமெல்லாம் நார்த்திசு நிறைந்திருக்கும். இதை ஸ்ட்ரோமா என்கிறோம். மனிதப் புற்றுச் செல்லைச் சுண்டெலியின் தோலுக்கடியில் ஏற்றி வளர்த்தால் கிடைக்கும் கட்டியில் நார் குறைவு, ரத்தநாளம் தாராளம். ஜெம்சைட்டபின் என்ற புற்று மருந்தைப் போட்டால் வளர்ச்சி அடங்கும். நோயாளியிடம் அதே மருந்து பெரிதாக எடுபடுவதில்லை. 2005-ல் கேராஸ், பி53 என்ற இரு மரபணுப் பிழைகளைச் சுண்டெலியின் கணையத்தில் மட்டும் இயங்கவைத்து, கே.பி.சி. என்ற சுண்டெலியை உருவாக்கினார்கள். அதற்கு வந்த கட்டியில் நார் நிறைய, நாளம் குறைவு, மருந்துக்கு மசியவில்லை. மனிதத் திசுவைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோது ஒற்றுமை அச்சாக இருந்தது.

அந்த எலிக்கு, நார்த்திசுவை வளர்க்கும் ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞையைத் தடுக்கும் ஐ.பி.ஐ.-926 என்ற மருந்தைக் கொடுத்தார்கள். நார் கரைந்தது, நாளங்கள் பெருகின, ஜெம்சைட்டபின் கட்டிக்குள் இறங்கியது, எலிகள் கூடுதல் நாள் வாழ்ந்தன. 2009-ல் சயன்ஸ் இதழில் வந்த இந்த முடிவு பெரும் நம்பிக்கை ஊட்டியது. நோயாளிகளிடம் சோதனை தொடங்கியது. 2012 தொடக்கத்தில் அதை நிறுத்த வேண்டியதாயிற்று. இரண்டு மருந்தும் பெற்றவர்கள், ஜெம்சைட்டபின் மட்டும் பெற்றவர்களைவிட மோசமான நிலைக்குப் போயிருந்தார்கள்.

எங்கே தவறியது? 2014-ல் கேன்சர் செல் இதழில் இரண்டு குழுவினர் விடை சொன்னார்கள். அந்த நார்த்திசு மருந்தை மட்டும் தடுக்கவில்லை, புற்றையும் கட்டிவைத்திருந்தது. சுண்டெலியில் அதை நீண்ட காலம் நீக்கிப் பார்த்தபோது கட்டி இன்னும் மூர்க்கமாகப் பரவியது. அதில் ஒரு குழு நோயாளிகளின் திசுக்களையும் எண்ணிப் பார்த்தது: நார்த்திசுவை உண்டாக்கும் மயோஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் குறைவாக இருந்தவர்களே சீக்கிரம் இறந்திருந்தார்கள். அதாவது, விடையின் ஒரு பாதி மருத்துவமனைகளின் பாரஃபின் பிளாக்குகளில் முன்பே தூங்கிக்கொண்டிருந்தது. மருந்தை நோயாளிக்குக் கொடுப்பதற்கு முன் அந்தக் கணக்கை எடுத்திருக்கலாம். பின்னர் நார்த்திசுவின் ஹயலுரானிக் அமிலத்தைக் கரைக்கும் என்சைம் ஒன்றையும் இதே எலியின் பலத்தில் நோயாளிகளிடம் கொண்டுபோனார்கள். 2019-ல் மூன்றாம் கட்டச் சோதனையில் அதுவும் ஆயுளைக் கூட்டவில்லை.

ஒரே மரபணுப் பிழை இரண்டு உயிரினங்களில் வெவ்வேறு உறுப்பைப் பிடிப்பதும் உண்டு. ஆர்.பி.1 மரபணுவின் ஒரு பிரதி பழுதாகப் பிறக்கும் குழந்தைக்கு விழித்திரையில் புற்று வருகிறது. அதே பழுதோடு பிறக்கும் சுண்டெலிக்கு வருவது பிட்யூட்டரிக் கட்டி. அதன் விழித்திரையில் வேறொரு உறவு மரபணு அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. ஏ.பி.சி. மரபணு பழுதானால் மனிதருக்குப் பெருங்குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப் முளைக்கும். அதே மரபணு பழுதான 'மின்' (Min) என்ற வகைச் சுண்டெலிக்குப் பெரும்பாலும் சிறுகுடலில் முளைக்கிறது. மின் சுண்டெலியை வைத்துப் "பெருங்குடல் புற்று" என்று தலைப்பிடுகிறவர்கள் இதை ஒரு வரியாவது சொல்ல வேண்டும்.

தோலடிக் கட்டிகளைப் பற்றிச் சில கணக்குகள். 20 கிராம் சுண்டெலியில் 1 கிராம் கட்டி என்றால் உடல் எடையில் 5 சதவீதம். 60 கிலோ மனிதருக்கு அது 3 கிலோ கட்டி. சில வாரங்களில் அந்த அளவுக்கு வளர்ந்த கட்டியின் நடுப்பகுதி ரத்தம் எட்டாமல் செத்துக் கிடக்கும். விளிம்பு உருண்டையாக, சுற்றுத்திசுவைத் தள்ளிக்கொண்டு நிற்கும். நோயாளியின் கட்டி விரல் விரலாக ஊடுருவும், நரம்பைச் சுற்றிக்கொண்டு போகும், ஓரத்தில் லிம்ஃபோசைட்கள் திரண்டிருக்கும். மனிதக் கட்டியை ஏற்கும் நியூட் சுண்டெலிக்குத் தைமஸ் இல்லை. எனவே டி-செல்கள் சம்பந்தப்பட்ட எந்தக் கேள்விக்கும் அந்த ஸ்லைடு பதில் தராது. நோயாளியின் கட்டியை அப்படியே எலிக்கு மாற்றி வளர்க்கும் பி.டி.எக்ஸ். முறை இதைவிட மேல்தான். ஆனால் அங்கும் சில தலைமுறைகளில் மனித ஸ்ட்ரோமா மறைந்து எலியின் ஸ்ட்ரோமா குடியேறிவிடுகிறது.

விலங்கறையின் குளிர்கூட விடையை மாற்றும். 22 டிகிரி அறை நமக்கு இதம். சுண்டெலிக்கு இதமானது 30 டிகிரி. அமெரிக்காவின் பஃபலோ நகரத்து ராஸ்வெல் பார்க் ஆய்வாளர்கள் 2013-ல் காட்டியது இது: 30 டிகிரியில் வைத்த சுண்டெலிகளிடம் கட்டி மெதுவாக வளர்ந்தது, புற்றை எதிர்க்கும் சி.டி.8 செல்கள் கூடுதலாக இருந்தன.

ஒப்பிடும்போது எங்கள் துறைக்கே உரிய ஒரு பொறியும் இருக்கிறது. எலியைக் கொன்ற சில நிமிடங்களில் கட்டி ஃபார்மலினுக்குள் போய்விடும். நோயாளியின் கட்டிக்கு அறுவை மருத்துவர் ரத்தநாளத்தைக் கட்டிய கணத்திலிருந்தே மூச்சு நின்றுவிடுகிறது. அறுவை முடிந்து, டப்பாவில் விழுந்து, லேபுக்கு வந்து, நாங்கள் வெட்டி ஃபார்மலின் உள்ளே இறங்குவதற்குள் பல மணி நேரம் போய்விடலாம். மார்பகப் புற்றில் ஹார்மோன் ஏற்பிகளைச் சரியாகப் படிக்க, வெட்டி எடுத்த 1 மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும், 6 முதல் 72 மணி நேரம் ஊறவிட வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். பாஸ்பேட் ஏறிய புரதங்களோ இன்னும் சீக்கிரம் சிதையும். எலியில் அடர்ந்த பழுப்பாகவும் மனிதத் திசுவில் வெளிறியும் ஒரு சாயம் தெரிந்தால், அந்த வித்தியாசம் புற்றுடையதா, காத்திருந்த நேரத்துடையதா? ஃபார்மலினில் இறங்கிய நேரத்தை இரண்டு பக்கமும் குறித்துவைக்காதவருக்கு இதற்குப் பதில் கிடைக்காது.

ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் வென்றதையும் சொல்கிறேன். அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியாவில் நோயாளியின் செல்லில் காணும் அதே இணைந்த மரபணுவைச் சுண்டெலியில் வைத்தார்கள். அந்த எலியில் ரெட்டினாயிக் அமிலமும் ஆர்சனிக்கும் சேர்ந்து லுகேமியாவை வேரோடு அறுத்தன. இன்று அந்த இரண்டு மருந்துகளும் சேர்ந்து பெரும்பான்மையான நோயாளிகளைக் குணப்படுத்துகின்றன. ஜேம்ஸ் ஆலிசன் 1996-ல் சுண்டெலிகளில் சி.டி.எல்.ஏ.-4 என்ற எதிர்ப்பாற்றல் தடையை நீக்கிக் கட்டி கரைவதைக் காட்டினார். 2011-ல் அது இபிலிமுமாப் என்ற மருந்தானது. 2018-ல் நோபல் பரிசு வந்தது. ஒன்றில் நோயின் வேரான பிழை இரண்டு உயிரினத்திலும் ஒன்றாக இருந்தது. மற்றதில் எதிர்ப்பாற்றல் முழுதாக உள்ள எலியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கேள்விக்கும் விலங்குக்கும் பொருத்தம் இருந்ததால் பலித்தது. எல்லா மருந்தும் இப்படிப் பலிப்பதில்லை என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: 2006 முதல் 2015 வரையிலான காலத்தில் மனிதச் சோதனைக்குள் நுழைந்த புற்றுநோய் மருந்துகளில் அனுமதி வரை போய்ச் சேர்ந்தவை நூற்றுக்குச் சுமார் 5.

சுண்டெலியைத் தாண்டியும் யோசியுங்கள். 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி சென்னை வேப்பேரியில் இருக்கிறது. அங்கே புற்றோடு கொண்டுவரப்படும் வீட்டு நாய்களுக்கு அந்த நோயை யாரும் ஊசியால் ஏற்றவில்லை. நம்மைப் போலவே நம் வீட்டுக் காற்றில் வாழ்ந்து, வயதாகி, தானாக வந்த புற்று அது. நாயின் எலும்புப் புற்று ஸ்லைடில் ஒரு பதின்வயதுப் பையனின் எலும்புப் புற்றைப் போலவே இருக்கும். அதே போல நுரையீரலுக்குப் பரவும். நாய்களில் பலன் தெரிந்த மிஃபாமர்டைட் மருந்து 2009-ல் ஐரோப்பாவில் இளம் நோயாளிகளுக்கு அனுமதிக்கப்பட்டது. அதற்காக நாயின் எல்லாக் கட்டியும் நம்முடையது போல என்று நினைத்துவிட வேண்டாம். பெண் நாயின் மடிக்கட்டியில் குருத்தெலும்பும் எலும்பும் கலந்த கலப்புக் கட்டி சர்வசாதாரணம். பெண்களின் மார்பில் அப்படிப் பார்ப்பது அபூர்வம்.

இனி என் வேண்டுகோள்கள்.

எலிகளுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன், நீங்கள் ஆராயும் உறுப்பின் மனிதப் புற்று ஸ்லைடுகளை ஒரு நோயியல் மருத்துவரோடு உட்கார்ந்து பாருங்கள். தொடக்க நிலை, ஊடுருவிய நிலை, கணுவுக்குப் பரவிய நிலை மூன்றையும் பாருங்கள். மனிதத் திசுவைப் பயன்படுத்த மருத்துவமனை நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவை. விண்ணப்பம் எழுதக் கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

ஆய்வேட்டில் இரண்டு பத்தி கொண்ட ஓர் அட்டவணை போடுங்கள்: ஒரு பக்கம் விலங்கு, ஒரு பக்கம் நோயாளி. செல் வகை, கிரேடு, ஸ்ட்ரோமா, ரத்தநாளம், லிம்ஃபோசைட், ஊடுருவும் விளிம்பு, கணுப் பரவல், மரபணு மாற்றம் என்று வரிசையாக நிரப்புங்கள். ஒத்துப்போகாத வரிகளை மறைக்காதீர்கள். உங்கள் ஆய்வு எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது என்பதை அந்த வரிகள்தான் சொல்லும்.

ஸ்லைடு படிப்பவருக்கு எது மருந்து பெற்ற விலங்கு, எது பெறாதது என்று சொல்லாதீர்கள். கட்டி வந்த பிறகு மருந்து கொடுத்தீர்களா, வருவதற்கு முன்பா என்பதைத் தலைப்பிலேயே எழுதுங்கள். பலன் தராத சோதனையையும் வெளியிடுங்கள். அது வெளிவராவிட்டால் வேறொரு ஊரில் வேறொரு மாணவர் அதே சோதனைக்கு இன்னும் ஐம்பது எலியைக் கொல்வார்.

எங்கள் தரப்புக் குறையும் உண்டு. வேலைப் பளுவைக் காட்டி ஆய்வு மாணவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புகிற நோயியல் துறைகளை நான் அறிவேன். அது மாற வேண்டும். உங்களுக்கு நாங்கள் ஸ்லைடு காட்டுவதை உபகாரமாக நினைக்கக் கூடாது; அந்தத் திசுவைக் கொடுத்த நோயாளிக்கு நாங்கள் பட்ட கடன் அது.

உங்கள் வழிகாட்டியிடம் ஒன்று கேளுங்கள்: அடுத்த டாக்டோரல் கமிட்டியில் ஒரு நோயியல் மருத்துவரையும், முடிந்தால் ஒரு கால்நடை நோயியல் மருத்துவரையும் சேர்க்க முடியுமா என்று. அவர்கள் முதல் கூட்டத்திலேயே சங்கடமான கேள்விகள் கேட்பார்கள். சில மாதம் தாமதமாகும், ஒருவேளை விலங்கையே மாற்ற வேண்டிவரும். அந்தக் கேள்விகளை எலிக் கட்டத்தில் கேட்டால் உங்கள் நேரம்தான் போகும். நோயாளியிடம் போன பிறகு கேட்டால் என்ன போகும் என்பதைக் கணையப் புற்றுச் சோதனையில் சேர்ந்தவர்கள் நமக்குக் காட்டிவிட்டார்கள்.

அன்புடன்,
ஒரு திசு நோயியல் மருத்துவர்
சென்னை